மழை மாதங்களில் நம் பள்ளி விழாக்கள்: பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்துச் சிறிய தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், பள்ளி மேலாளர் வாரியத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபர், நவம்பர் நெருங்குகிறது. குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது இலையுதிர் காலம். நமக்கோ தீபாவளியும் மழையும் ஆண்டிறுதி வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும் காலம். கோலப் போட்டி, தீபாவளிக் கலைநிகழ்ச்சி, பரிசளிப்பு விழா, பாலர் பள்ளிப் பிள்ளைகளின் பட்டமளிப்பு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை, நடுவில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங். இவை அத்தனையையும் நான் விரும்புகிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி என்றதும் பிற்காலத்தில் நினைவுக்கு வரப்போவது பாடப்புத்தகத்தைவிட இந்த நாட்கள்தான். அதனால் எதையும் குறைக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. இந்த விழாக்களை நாம் நடத்தும் விதத்தில் ஒரு மாற்றம் வேண்டும் என்று கேட்கிறேன்.

சிறிய பள்ளிகளை மட்டும் அழைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவையும் உண்டு. இங்கே ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, யாரை அழைத்துப் போக தாத்தா வருவார், யார் வீட்டில் இப்போது அம்மா இல்லை என்பது வரை தெரியும். பெரிய பள்ளிகளுக்குக் கிடைக்காத பலம் இது. ஆனால் விழா நாளில் இதே பள்ளியில் என்ன நடக்கிறது? பந்தல் போடுவதும், ஒலிபெருக்கி கட்டுவதும், சாப்பாடு பரிமாறுவதும், விருந்தினரை வரவேற்பதும், படம் எடுப்பதும் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். எல்லோர் கையிலும் ஒரு வேலை. பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் மிஞ்சுவதில்லை.

என் கோரிக்கை இதுதான். இந்தப் பருவத்தில் பள்ளியில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும், வேறு எந்த வேலையும் தராமல், பாதுகாப்பை மட்டும் கவனிக்க ஒருவரை நியமியுங்கள். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரத்தையும் அவரிடமே கொடுங்கள். மேடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, அவர் நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும். இதைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

அதிகாரத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வது ஏன் என்றால், சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு பள்ளியின் தீபாவளி நிகழ்ச்சி. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. பிற்பகல் நேரம். சிறப்பு விருந்தினரை வரவேற்க, பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் தட்டில் பூவும் விளக்கும் ஏந்தித் திடலின் நடுவே இரண்டு வரிசையாக நின்றார்கள். மலைப்பக்கம் வானம் கறுத்துவிட்டது. ஒரு மின்னல் வெட்டியது. கொஞ்ச நேரத்தில் இடியும் கேட்டது. ஓர் ஆசிரியை தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் சங்கத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "வந்துட்டாங்களாம், சிக்னல்கிட்ட இருக்காங்க" என்றார். வரிசை அப்படியே நின்றது. இன்னொரு மின்னல். பிள்ளைகளில் ஒருத்தி காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள். தட்டைப் பிடித்திருந்ததால் முடியவில்லை. கார் வந்து, மாலை போட்டு, எல்லோரும் மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் மழை கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்த யாரும் அக்கறை இல்லாதவர்களும் அல்லர். பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போகலாம் என்று அந்த மூவருக்குமே தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன். அதைச் சொல்வது தன் பொறுப்பு என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மின்னல் விஷயத்தில் கணக்கு எளிது. ஒலி ஒரு கிலோமீட்டர் வருவதற்கு ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னலைப் பார்த்ததிலிருந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அடுத்தது நம் திடலிலேயே விழலாம். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் திடலுக்கு ஓடிவிடுகிறோமே, அது தவறு. மழை நின்ற பிறகும் மின்னல் விழும். இரும்புக் கம்பி நட்ட பந்தல் மழைக்கு மறைப்பாகலாம், மின்னலுக்கு ஆகாது. சுவர் இல்லாத சைக்கிள் கொட்டகையும் ஆகாது. கூரையும் கதவும் மூடிய வேனுக்குள் இருப்பது திடலில் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

இதையே பிள்ளைகளுக்கு ஒரு நடவடிக்கையாக ஆக்கிவிடலாம். நான்காம் ஆண்டு மாணவர்களை மழை நாளில் வகுப்பறைச் சன்னலோரம் உட்காரவைத்து, மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். ஒரு தாளில் நேரத்தையும் தூரத்தையும் குறித்துக்கொண்டே போனால், மழை நெருங்குகிறதா விலகுகிறதா என்று அவர்களே சொல்வார்கள். கணிதமும் அறிவியலும் ஆச்சு. திடலில் விளையாடும்போது யாரும் சொல்லாமலே எண்ணத் தொடங்கும் பழக்கமும் வந்துவிடும். சபைகூடலில் பேசும் அரை மணி நேர அறிவுரையைவிட இது பிள்ளைகளின் மனத்தில் தங்கும்.

பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை பெறும் மாதங்கள். வடகிழக்குப் பருவமழை என்றதும் கிழக்குக்கரை மாநிலங்களான கிளந்தான், திரங்கானுவை நினைத்துக்கொண்டு நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறோம். பருவக்காற்று மாறும் இந்த வாரங்களில் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் இடியோடு கொட்டும். அப்படியென்றால் திடலில் நடக்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிடுவதுதானே முறை? விருந்தினருக்கு மூன்று மணிதான் வசதி என்பதற்காகப் பிள்ளைகளை இடி நேரத்தில் வெளியே நிறுத்துவது சரியில்லை. காலையில் வர முடியாதவர் மண்டபத்துக்குள் நடக்கும் பகுதிக்கு வரட்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் இடிமழை எச்சரிக்கை வருகிறது. பாதுகாப்புப் பொறுப்பாளரின் கைப்பேசியில் அது இருந்தால் போதும்.

2017ஐ இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அக்டோபர் 18 தீபாவளி. மூன்று நாள் கழித்து தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். நவம்பர் 4 சனிக்கிழமை இரவு தொடங்கிய புயல்மழை மறுநாளும் விடவில்லை. தீவிலும் பெருநிலத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, உயிர்ச்சேதமும் ஆனது. பள்ளிகள் நிவாரண மையங்களாகின. இவை எல்லாம் மூன்று வாரத்துக்குள் நடந்தவை, நாம் விழா நடத்தும் அதே வாரங்கள். அந்த மழை ஒரு பள்ளி நாளின் மதியத்தில் வந்திருந்தால், எந்தப் பிள்ளையை எந்த வழியாக யாரிடம் ஒப்படைப்பது என்று நம் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் மிகப் பெரிய ஆபத்து கால்வாய். நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், சாலையோரக் கால்வாய்கள் பல இடங்களில் மூடியில்லாமல் கிடக்கின்றன. தண்ணீர் நிரம்பியதும் சாலையும் கால்வாயும் ஒரே மட்டமாகத் தெரியும். தினமும் நடந்த வழி என்று ஏழு வயதுப் பிள்ளை காலை வைக்கும். அங்கே தரை இருக்காது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்தவரையும் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார் நகர்ந்துவிடும். ஆகவே, வெயில் நாள் ஒன்றில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து பள்ளியைச் சுற்றி நடத்திக் கூட்டிப் போங்கள். கால்வாய் எங்கே ஓடுகிறது, எங்கே மூடி உடைந்திருக்கிறது, எந்த முக்கில் முதலில் தண்ணீர் ஏறும் என்று பார்த்து வரட்டும். வந்து ஒரு பெரிய அட்டையில் வரைபடமாக வரைந்து நுழைவாயிலில் மாட்டட்டும். உடைந்த மூடிகளின் படத்தோடு மாநகர் மன்றத்துக்கு ஒரு கடிதமும் பிள்ளைகளின் கையெழுத்திலேயே போகட்டும். வெள்ளத் தண்ணீரில் விளையாடக் கூடாது என்பதற்கு எலிக் காய்ச்சலும் ஒரு காரணம் என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

இனி தீபாவளி. விளக்கே வேண்டாம், எல்லாம் பேட்டரி விளக்காக மாற்றிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நடனத்தில் கையில் ஏந்திச் சுழல்வதற்கும், வரவேற்பு வரிசைக்கும் பேட்டரி விளக்கே போதும். நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளை தாளத்தையும் கவனிக்க முடியாது. ஆனால் பள்ளியில் நெருப்பே இல்லை என்று ஆக்கிவிட்டால், பிள்ளை முதன்முதலில் விளக்கேற்றுவதும் கம்பி மத்தாப்பைப் பிடிப்பதும் வீட்டு வாசலில், பெரியவர்கள் சமையலில் இருக்கும் நேரத்தில் நடக்கும். அதைவிட, நம் கண்முன்னே முறையாகக் கற்றுக்கொடுப்பது மேல். மணல் பரப்பிய தாம்பாளத்தில் அகல் விளக்கை வைத்து, தலைமுடியை இறுக்கப் பின்னி, துப்பட்டாவை இடுப்பில் செருகி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றட்டும்.

உடை விஷயத்தைப் பெற்றோருக்கு இப்போதே சொன்னால்தான் உண்டு. எல்லோரும் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. நைலான், பாலியெஸ்டர், வலைத்துணி இவை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புண் ஆழமாகும். பருத்தியும் எரியும், ஆனால் இப்படி ஒட்டாது. விளக்கேற்றும் நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் பிள்ளைகளுக்குப் பருத்தி உடை என்று சுற்றறிக்கையில் ஒரு வரி போடுங்கள். கம்பி மத்தாப்பின் நுனி 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். எரிந்து முடிந்த கம்பியும் நெடுநேரம் சுடும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் மிதிப்பது அதைத்தான். முடிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடும் பழக்கம் ஒன்றே பாதிப் புண்களைத் தவிர்த்துவிடும் என்பது என் எண்ணம்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. நிற்க வேண்டும், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு படுக்க வேண்டும், உருள வேண்டும். இதை வாயால் சொல்வதில் பயனில்லை. மண்டபத்தில் பாயை விரித்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை உருளச் செய்து பாருங்கள். முதல் தடவை சிரித்துக்கொண்டே இஷ்டத்துக்கு உருளுவார்கள். கையை முகத்துக்குக் கொண்டுபோக மறந்துவிடுவார்கள். திரும்பத் திரும்பச் செய்தால் உடம்புக்கே பழகிவிடும். தீப்புண்ணுக்கு முதலுதவி குழாய்த் தண்ணீர்தான். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். பற்பசை, கிச்சாப் (சோயா சாறு), முட்டை வெள்ளை, ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அப்பாயிகளுக்கும் அம்மாயிகளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பற்பசையோடு முதலில் ஓடி வருபவர்கள் அவர்கள்தான், அதுவும் அன்பினால்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் நடக்கும் முறுக்குச் சுடும் வேலையையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சமையல் கொட்டகையில் கேஸ் தோம்பு (சிலிண்டர்) அடுப்புக்கு ஒட்டியே இருக்கும். ரப்பர் குழாய் நடக்கிற வழியில் கிடக்கும். சூடான எண்ணெய்ச் சட்டியின் கைப்பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மாவு பிழியும் அக்காமார்களைச் சுற்றிப் பிள்ளைகள் முதல் முறுக்குக்காக நிற்பார்கள். அழகான காட்சிதான், ஆனால் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டி எல்லை போட வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய் வெடித்துச் சிதறித் தீ கூரைக்கு ஏறும். அடுப்பை அணைத்து, சட்டியைப் பெரிய மூடியால் மூடிவிட வேண்டும். அந்த மூடி கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும் பாதுகாப்புப் பொறுப்பாளரின் வேலை. தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் நிற்கிறதா, அதன் முன்னால் நாற்காலிகளை அடுக்கி மறைத்துவிட்டார்களா என்றும் பார்க்கட்டும்.

தீப்பயிற்சி எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. ஆனால் அது வெயில் காலையில், பிள்ளைகள் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்போது நடக்கிறது. விழா நாளில் அவர்கள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் ஒப்பனையில், சிலர் கழிப்பறையில், சிலர் அம்மாவின் மடியில், சிலர் பந்தலுக்கு வெளியே பந்து விளையாடிக்கொண்டு. வெளியே கூடும் இடத்தில் மழை. ஆகவே ஒத்திகை நாளன்று, ஆடை அலங்காரத்தோடு, ஒரு முறை மணியடித்துப் பாருங்கள். மேடைக்குப் பின்கதவு பூட்டிக் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். அருகிலுள்ள பொம்பா (தீயணைப்பு) நிலையத்துக்குக் கடிதம் எழுதினால் பள்ளிக்கே வந்து செய்து காட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் அந்தச் சிவப்பு லோரியைக் கிட்டத்தில் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

பள்ளி வாசலைப் பற்றிக் கொஞ்சம். மழை வந்தால் எல்லோரும் காரை வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இரண்டு வரிசை, சில நாள் மூன்று. குடை பிடித்த பிள்ளை கார்களுக்கிடையே புகுந்து வருகிறது. பின்னால் எடுக்கும் வேன்காரருக்கு அந்தக் குடை தெரியாது. வாசலுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி ஓர் இடத்தைக் குறித்து, அங்கே மட்டும் ஏற்றி இறக்குவது என்று சங்கம் முடிவு செய்யலாம். மோட்டார் சைக்கிளில் வரும் பெற்றோரே, தலைக்கவசம் பிள்ளைக்கும் வேண்டும். மழைச்சட்டையின் ஓரம் சக்கரத்தில் சிக்காமல் மடித்துக் கட்டிவிடுங்கள்.

டெங்கியைப் பற்றிச் சுகாதாரத் துறை நிறையவே சொல்லிவிட்டது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். ஆகவே கோத்தோங் ரோயோங் ஆண்டுக்கு ஒரு முறை நடந்து பயனில்லை, வாரம் ஒரு முறை பூச்சாடித் தட்டுகளையும் கூரை நீர்வழியையும் பார்க்க வேண்டும். விழா முடிந்த மறுநாள் மைதானத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் குவளைகள் அந்த வாரத்தின் முதல் வேலை.

இவ்வளவும் செய்ய ஆளுக்கும் காசுக்கும் எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்னவற்றில் காசு கேட்பவை குறைவு. மணல், வாளி, கயிறு, அட்டை, பாய். ஆள்தான் வேண்டும். சங்கக் கூட்டத்துக்கு வராத அப்பாக்கள் பலர் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்பேட்டைகளில் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்கள் நம் பெற்றோரிலேயே உண்டு. இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை யார் அழுத்தலாம், எப்போது அழுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தினமும் தெரியும். பேச்சாளராக அழைத்தால் கூச்சப்படுவார்கள். இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், சட்டென்று வருவார்கள்.

தலைமையாசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினரின் அலுவலகத்துக்கு அழைப்புக் கடிதம் போகும்போதே, வானிலை மோசமானால் நிகழ்ச்சி இடைநிறுத்தப்படும் அல்லது உள்ளே மாற்றப்படும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இருந்தால், அன்றைய தினம் நிறுத்தச் சொல்பவருக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டிய சங்கடம் இருக்காது. எந்த மக்கள் பிரதிநிதியும் பிள்ளைகள் மழையிலும் மின்னலிலும் தனக்காக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு தீர்மானங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர், நிறுத்தும் அதிகாரத்தோடு. இரண்டு, தீபாவளி ஒத்திகை நாளில் ஒரு தீப்பயிற்சி. எங்கள் பள்ளியில் இவற்றை நானே முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் கிடைத்துவிட்டார். உங்கள் பள்ளியில் யார் முன்மொழிகிறார்கள் என்று தெரிந்தால், தீபாவளிக்கு முன்பே நாம் எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்,
செபராங் பிறை, பினாங்கு